பழைய மகிழுந்தில் கேட்கும் சத்தங்களும் பழுதுபார்க்கும் முடிவுகளும்

பேராக்கிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வரும் நம் மாணவர்களில் பலருக்கு முதலில் வாய்க்கும் மகிழுந்து புதியதாக இருப்பதில்லை. அப்பாவோ மாமாவோ பல ஆண்டுகள் ஓட்டிய புரோட்டோன் சாகா, வீரா அல்லது பெரொடுவா கஞ்சில்தான் கைக்கு வருகிறது. சாவியைக் கொடுக்கும்போது, "கொஞ்சம் சத்தம் வரும், அது ஒன்னும் இல்ல" என்று ஒரு வார்த்தையும் கூடவே வரும். அந்தக் 'கொஞ்சம் சத்தம்' என்னவென்று அறிந்துகொள்வது எப்படி, அறிந்த பின் எதற்குப் பணம் செலவழிப்பது, எதை விட்டுவைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் இயந்திரப் பொறியியல் படித்து வெளியேறியவன். ஆயினும் இங்கே எழுதுவதில் பாதிக்கு மேல் விரிவுரை மண்டபத்தில் கற்றதன்று. ஈப்போ, புந்தோங் பக்கத்துப் பட்டறைகளில் கால் கடுக்க நின்று கற்றது.

1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளியீடு கண்டது. மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் பியோரே வகையை அடிப்படையாகக் கொண்டு அது உருவாக்கப்பட்டது. 1993-இல் வீராவும் 1994-இல் கஞ்சிலும் வந்தன. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக வாசலில் நின்ற நான்கு சக்கரம் இம்மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 2009-இல் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. பத்து ஆண்டுகளைக் கடந்த மகிழுந்தை ஒப்படைத்துப் புதிய புரோட்டோனோ பெரொடுவாவோ வாங்குவோருக்கு 5,000 வெள்ளி கழிவு கிடைத்தது. மாதத் தவணை கட்ட வசதியுள்ளவர்கள் மாற்றிக்கொண்டார்கள். வசதியில்லாதவர்கள் வைத்திருந்ததையே ஓட்டினார்கள். ஆகவே, இன்றும் சாலையில் ஓடும் பழைய வீராக்களில் பல, இன்னொன்று வாங்க இயலாத வீடுகளைச் சேர்ந்தவை. பழுதா இல்லையா என்ற கேள்வி அந்த வீடுகளில் பொழுதுபோக்குக் கேள்வியன்று.

எங்கள் வீடும் அப்படித்தான். சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர் இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறோம். பேருந்து வராது. அம்மாவுக்கு வாரம் மூன்று முறை ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்பு. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போக, 30 கிலோமீட்டர் வர. அப்பாவின் 1997-ஆம் ஆண்டு வீரா, 1.3 லிட்டர், கையால் கியர் மாற்றும் வகை. இது நின்றால் அம்மாவின் சிகிச்சை தள்ளிப்போகும். சிறுநீரக நோயாளிக்கு ஒரு முறை தவறுவதே ஆபத்து. சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் அதில் ஐந்து விதமான சத்தம் கேட்கத் தொடங்கியது. கையில் இருந்ததோ 1,500 வெள்ளி. எனவே, கீழே வருபவை பொது விளக்கமாக இருந்தாலும் அந்த வீராவை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எந்தச் சத்தமானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: அது இயந்திரத்தின் சுழற்சியோடு மாறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு மாறுகிறதா? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு எண்ணெயை மிதித்துப் பாருங்கள். சத்தம் அப்போதே கேட்டு, மிதிக்க மிதிக்கக் கூடினால் குறை இயந்திரத்திலோ, அதனோடு சுழலும் பெல்ட், ஆல்டர்னேட்டர், குளிர்சாதனக் கம்ப்ரஸர் போன்றவற்றிலோ இருக்கிறது. நிற்கும்போது ஒன்றும் இல்லாமல் ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், டிரைவ் ஷாப்ட், பிரேக், அப்சோர்பர், டயர் என்று கீழ்ப்பகுதியைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். பட்டறைக்குப் போய், "ஏதோ சத்தம் வருது" என்று சொல்பவருக்கும், "நின்னா இல்ல, 60-க்கு மேல போனா வருது, இடப்பக்கம் வளைச்சா கூடுது" என்று சொல்பவருக்கும் கட்டணச் சீட்டிலேயே வேறுபாடு தெரியும்.

அடுத்த கேள்வி, எப்போது வருகிறது என்பது. காலையில் குளிர்ந்த இயந்திரத்தைத் திருகும்போதா, சூடேறிய பிறகா? பிரேக் மிதிக்கும்போதா? குழியில் இறங்கும்போதா? ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். போர்மன் முன்னால் வண்டி பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். உங்கள் தாள்தான் அப்போது பேச வேண்டும்.

எங்கள் வீராவில் முதலில் வந்தது 'டக் டக் டக்' என்ற சத்தம். முற்சந்தியில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து எண்ணெயை மிதித்தால் மட்டும் கேட்கும். நேராகப் போனால் இல்லை. இது முன்சக்கர இழுவை வண்டிகளுக்கே உரிய அடையாளம். இயந்திரத்தின் சக்தியைச் சக்கரத்திற்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாப்ட்டின் வெளிமுனையில், எந்தக் கோணத்திலும் சுழலக்கூடிய ஒரு மூட்டு உண்டு. உள்ளே எஃகுக் குண்டுகளும் கிரீஸும், வெளியே மடிப்பு மடிப்பான ரப்பர் உறையும் இருக்கும். உறை கிழிந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறும். தூசி உள்ளே போகும். செம்பனை லாரிகள் ஓடும் நம் தோட்டத்துச் செம்மண் சாலையின் தூசி எவ்வளவு மெல்லியது என்பதை வெள்ளைச் சட்டை போட்டவர்கள் அறிவார்கள். அது கிரீஸோடு கலந்தால் அரைக்கும் பசைதான். குண்டுகளும் அவை ஓடும் தடமும் தேய்ந்த பிறகுதான் சத்தம் பிறக்கிறது. ஆகவே, 'டக் டக்' கேட்கும் நேரத்தில் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. மூட்டை அல்லது ஷாப்ட்டை மாற்றியாக வேண்டும். உறை கிழிந்ததைச் சத்தம் வருவதற்கு முன்பே கண்ணால் கண்டுபிடித்தால் உறையும் புதுக் கிரீஸும் போதும், செலவும் பன்மடங்கு குறைவு. மாதம் ஒருமுறை முன்சக்கரத்தை ஒருபக்கம் முழுதாக ஒடித்து நிறுத்திவிட்டு உட்புறம் எட்டிப் பாருங்கள். சக்கரத்தின் உள்வட்டத்தில் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது.

இரண்டாவது சத்தம், வேகம் கூடக் கூடக் கூடும் ஒரு முனகல். தூரத்தில் ஆகாய விமானம் போவதைப் போல இருக்கும். அப்பா டயர் என்றார். டயருக்கும் சக்கரப் பேரிங்குக்கும் இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. பிரித்தறிய வழி இருக்கிறது. சாலையின் மேற்பரப்பு மாறும்போது, அதாவது பழைய தாரிலிருந்து புதுத் தாருக்கு ஏறும்போது, சத்தமும் மாறினால் டயர். எந்தத் தாரிலும் ஒரே முனகல் என்றால் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். பின்னர், ஆளில்லாத அகன்ற சாலையில் மிதமான வேகத்தில் இடமும் வலமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது முனகல் கூடினால் வலப்பக்கப் பேரிங். எங்கள் வண்டியில் அப்படித்தான் கூடியது. இச்சோதனைக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வேண்டாம். கோலகங்சாரிலிருந்து மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் சரிவில் சந்தேகத்திற்குரிய வண்டியை ஓட்டிச் சோதிப்பது விவேகமாகாது. சுங்கை சிப்புட், செம்மோர் வழியாக வரும் பழைய சாலையே போதும்.

மூன்றாவது, குழியில் விழும்போது முன்பக்கம் 'லொடக்' என்று ஒரு சத்தம். இதற்குக் காரணங்கள் பல. ஸ்டெபிலைசர் கம்பியின் சிறு இணைப்பு, கீழ்க்கையின் ரப்பர் புஷ், அப்சோர்பரின் மேல்மவுண்டிங், பால் ஜாய்ண்ட் என எதுவும் இருக்கலாம். முதல் மூன்றும் எரிச்சல் தருபவை. நான்காவது உயிர் வாங்கக்கூடியது. பால் ஜாய்ண்ட் முற்றாகத் தேய்ந்து கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. எனவே 'லொடக்' கேட்டால் எது என்று தெரியும்வரை நான்காவது என்றே எண்ணி நடக்க வேண்டும். வண்டியைத் தூக்கி, தாங்கியின் மேல் அமர்த்திய பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைப்பார்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாய்ண்டோ பேரிங்கோ. இடமும் வலமும் பிடித்து அசைத்து ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கின் டை ராட் முனை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் தலையை விட வேண்டாம்.

எங்கள் போர்மன் இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்தார்.

"பால் ஜாய்ண்ட் இல்ல தம்பி, புஷ்தான் போச்சு. இந்த எஸ்டேட் ரோட்டுல எவ்ளோ நாளு தாங்கும்?"

"அப்ப ஓட்டலாமா அண்ணே?"

"ஓட்டலாம். டயர் ஒரு பக்கமா தேயும், அதான். காசு வந்தா செய்யி."

இந்த மாதிரி, "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் போர்மன் கிடைத்தால் அவரை விடாதீர்கள். சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை.

நான்காவது சத்தம் இயந்திரத்தின் மேல்புறத்தில் வந்தது. காலையில் திருகியதும் தையல் இயந்திரம் ஓடுவதைப் போன்ற மெல்லிய 'டிக் டிக்'. சூடேறியதும் குறைந்துவிடும். வால்வு இடைவெளி கூடியிருக்கலாம், அல்லது எண்ணெய் மேலே ஏறத் தாமதமாகலாம். இங்கே முதலில் செய்ய வேண்டியது கருவி எடுப்பதன்று. அளவுக்கம்பியை இழுத்து இயந்திர எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பது. பழைய வண்டி எண்ணெய் குடிக்கும். குறைந்தால் மேல்பகுதிதான் முதலில் வறளும். எங்கள் வண்டியில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. ஊற்றியதும் சத்தம் பெரும்பாலும் அடங்கியது.

மேல்புறத்து 'டிக் டிக்' வேறு, அடிவயிற்றிலிருந்து வரும் 'டொக் டொக்' வேறு. எண்ணெயை மிதிக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் சுத்தியலால் அடிப்பதைப் போல ஆழமாகக் கேட்டால் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதே சரி. வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தால் இயந்திரத்தின் பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு ராட் வெளியே வந்துவிடக்கூடும். மேட்டில் மட்டும் கோலிக்குண்டுகள் டின்னில் குலுங்குவதைப் போலக் கேட்கும் 'கிலுகிலு' மூன்றாவது வகை. அது எரிபொருள் முறையின்றி வெடிப்பதால் வருவது. தீப்பொறி விழும் நேரம், உள்ளே படிந்த கரி, அளவுக்கு மீறிய சூடு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இயந்திரத்தில் சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய உத்தி உண்டு. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இயந்திரத்தின் அசையாத பாகத்தில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்தினால், உள்ளே நடப்பது மருத்துவரின் குழாயில் கேட்பதைப் போலக் கேட்கும். அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்த்தவர். ஷீட் உருட்டும் இயந்திரத்தின் பேரிங் எப்போது போகும் என்பதை இப்படித்தான் கேட்டுச் சொல்வார்களாம். ஆலை இடிக்கப்பட்டுவிட்டது, அப்பாவின் காது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை: தொங்கும் சட்டை, சால்வை, நீண்ட முடி எதுவும் பெல்ட் அருகே போகக்கூடாது. மின்விசிறி இயந்திரத்தை நிறுத்திய பிறகும் தானே சுழலக்கூடும்.

குளிர்சாதனத்தைத் திறந்ததும், அல்லது மழைநாள் காலையில் திருகியதும் 'கீச்' என்று ஊரையே எழுப்பும் சத்தத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது இறுகிக் காய்ந்திருக்கும். பெரும்பாலும் குறைந்த செலவு. பெல்ட்டின் மேல் சில துளி தண்ணீர் தெளித்ததும் கீச்சொலி ஒரு கணம் மாறினால் பெல்ட்தான். மாறவே இல்லை என்றால் கப்பியின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

ஐந்தாவது சத்தம்தான் எங்களைச் சிந்திக்க வைத்தது. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பெட்டிப் பக்கம் ஒரு உறுமல். கிளட்சை மிதித்தால் என்ன ஆகிறது என்பதுதான் இங்கே திறவுகோல். மிதித்ததும் சத்தம் நின்றால், கியர்பெட்டிக்குள் செல்லும் தண்டின் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். எங்களுடையது இரண்டாவது வகை. பேரிங் பெரிய விலையில்லை. ஆனால், அதை எடுக்கக் கியர்பெட்டியையே இறக்க வேண்டும், கூலிதான் பெரிது. இந்த மாதிரி வேலைகளில், ஒருமுறை இறக்கும்போதே கிளட்ச் தட்டு, அழுத்தத் தட்டு, பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். ஆறு மாதம் கழித்துத் தட்டு தேய்ந்தால் அதே கூலியை மீண்டும் கட்ட நேரும்.

இனி, 1,500 வெள்ளிக்கு வருவோம். நான் மூன்றே கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். இது கெட்டால் வண்டி நிற்காமல் போகுமா, திரும்பாமல் போகுமா? ஆம் என்றால் உடனே செய்ய வேண்டும், பேரம் இல்லை. தள்ளிப்போட்டால் செலவு கூடுமா, நடுவழியில் நிறுத்திவிடுமா? ஆம் என்றால் அடுத்த இடம். இரண்டும் இல்லை என்றால் காத்திருக்கலாம். பேரிங் முதலிடம் பெற்றது. டிரைவ் ஷாப்ட் இரண்டாமிடம், காரணம் அது ஒடிந்தால் அம்மா சாலையோரத்தில் நிற்க நேரும். எண்ணெய் ஊற்றியாயிற்று. புஷ்ஷும் கிளட்சும் அடுத்த மாதங்களுக்குப் போயின. கிளட்சுக்கு அதுவரை ஒரு நிவாரணம் இருந்தது: சாலை விளக்கில் மிதித்துக்கொண்டே நிற்காமல் நியூட்ரலுக்கு மாற்றி விடுவது.

மிஞ்சிய பணத்தில் நாங்கள் செய்தது, எந்தச் சத்தமும் எழுப்பாத ஒன்று. டைமிங் பெல்ட். வீராவின் 1.3, 1.5 இயந்திரங்களில் இருப்பது சங்கிலியன்று, ரப்பர் பெல்ட். அது அறுவதற்கு முன் பெரும்பாலும் முன்னறிவிப்பு தராது. அறுந்த கணமே இயந்திரம் நின்றுவிடும். பல இயந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளையும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை என்றால், இன்றே மாற்ற வேண்டியது என்று பொருள். பிரேக் எண்ணெயும் டயரின் வயதும் இதே இனம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்யப்பட்டது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

பிரேக்கைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டும். மிதிக்கும்போது மெல்லிய கீச்சொலி, தட்டு மெலிந்துவிட்டது என்று சொல்லவே வைக்கப்பட்ட உலோக நாக்கின் குரலாக இருக்கலாம். அது கரகரவென்று அரைக்கும் ஒலியாக மாறினால் இரும்பு இரும்பைத் தின்கிறது. பட்டறைக்கு ஓட்டிப் போகாதீர்கள். போர்மனை வரச் சொல்லுங்கள்.

உதிரிப்பாகம் புதியதா, 'பொத்தோங்' கடையில் பழையதா என்பது அடுத்த பேச்சு. கதவுப்பிடி, விளக்கு, கண்ணாடி, ஆல்டர்னேட்டர், கியர்பெட்டி ஆகியவற்றைப் பொத்தோங் கடையில் வாங்குவதில் தவறில்லை. பிரேக் தட்டு, பால் ஜாய்ண்ட், பேரிங், பெல்ட், ரப்பர் வகைகள், டயர் ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல பட்டறைக்காரர் கேட்காமலேயே காட்டுவார்.

"மூவாயிரம் வெள்ளிகூடப் பெறாத வண்டிக்கு இரண்டாயிரம் செலவா?" என்று உறவினர் கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிடுவது, என் கருத்தில், பொருந்தாத கணக்கு. ஒப்பிட வேண்டியது, இதை விட்டால் வேறு எதற்கு எவ்வளவு கட்டுவோம் என்பதோடு. மாதம் 550 வெள்ளி தவணை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,600 வெள்ளி. புதிய மகிழுந்துக் கடன் ஒன்பது ஆண்டுவரை நீளும். 1.3 லிட்டர் வண்டியின் சாலை வரி ஆண்டுக்கு 70 வெள்ளிதான். பழுதுச் செலவு ஆண்டுக்கு 2,500-ஐத் தாண்டாதவரை பழைய வண்டிதான் மலிவு. எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்கும், காற்றுப்பையும் இராது. அடிச்சட்டமும் அப்சோர்பர் உட்காரும் மேடையும் துருப்பிடித்து உதிரத் தொடங்கினால், எந்தச் சத்தமும் இல்லாவிட்டாலும் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். இயந்திரத்தை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம், உளுத்துப்போன கூட்டை மாற்ற முடியாது. ஒவ்வொரு புத்தாண்டுச் சாலை வரிக்கு முன்பும் அப்பாவும் நானும் வண்டியைத் தூக்கி, விளக்கடித்து அந்த இடங்களைத்தான் முதலில் பார்க்கிறோம். இந்த ஆண்டு இடப்பக்க மேடையில் விரல் அகலத்திற்குத் துரு தெரிந்தது. சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்திருக்கிறோம். கிளட்ச் மாற்றியாயிற்று. புஷ் இன்னும் 'லொடக்' என்கிறது.